கல்யாண வீட்டுக் கமராவும் மேலதிக வருமானமும்

மாதச் சம்பளம் மாதத்தின் 20 ஆம் திகதியைக் காணாமலே முடிந்துவிடுகின்ற குடும்பங்கள் நம் நாட்டில் பெருகிவிட்டன. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அந்தச் சரிவோடு ஏறிய விலைகளை எட்டிப் பிடிக்கும் அளவுக்குச் சம்பளங்கள் ஏறவில்லை. எனவே ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வங்கி ஊழியர்களும் இரண்டாவது வருமானம் ஒன்றைத் தேடத் தொடங்கினர். சிலர் மாலை நேரத்தில் ரியூசன் வகுப்பு நடத்துகின்றனர். சிலர் ஓட்டோ ஓட்டுகின்றனர். சிலர் வீட்டில் கேக் செய்து விற்கின்றனர். இன்னும் சிலர் ஒரு கமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் புறப்படுகின்றனர்.

இந்தக் கடைசிப் பிரிவினரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன். பத்திரிகைத் துறையில் இருந்த காலம் முழுவதும் புகைப்படப்பிடிப்பாளர்களோடு பழகியவன் என்பதால், இளைஞர்கள் பலர் என்னிடம் இது பற்றி ஆலோசனை கேட்பதுண்டு. செய்திப் படப்பிடிப்பாளர்களுக்குப் பத்திரிகைகள் கொடுத்த சம்பளம் ஒருபோதும் போதுமானதாக இருந்ததில்லை. வார நாட்களில் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் படம் பிடித்துவிட்டு, முகூர்த்த நாட்களில் கல்யாண வீடுகளுக்குச் சென்றே அவர்களுட் பலர் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். ஆகவே கல்யாணப் படப்பிடிப்பை மேலதிக வருமானமாகக் கொள்வது இன்று தோன்றிய புதுமையன்று. யார் வேண்டுமானாலும் எந்த முன் அனுபவமும் இன்றி இதில் இறங்கலாம் என்ற எண்ணமே புதியது.

இவ்விடயத்தில் இரண்டு கட்சிகள் உள்ளன. நீண்டகாலமாக ஸ்ரூடியோ நடத்துவோர், "கமரா வாங்கியவன் எல்லாம் படப்பிடிப்பாளனா? அடிமாட்டு விலைக்கு வேலை செய்து எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று குறைப்படுகின்றனர். புதிதாக வருவோரோ, "எல்லோரும் ஒரு நாள் தொடங்கியவர்கள்தானே, எங்களுக்கு மாத்திரம் ஏன் கதவை அடைக்கிறீர்கள்?" என்று கேட்கின்றனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் இருவருமே கட்டணத்தைப் பற்றியே பேசுகின்றனர். கல்யாணம் செய்யும் குடும்பம் அந்தப் படங்களிடம் எதனை எதிர்பார்க்கின்றது என்ற கேள்வியை இருவரும் எழுப்புவதில்லை.

தொடங்குவதற்கு வயதோ பட்டமோ தடையல்ல என்பதை முதலிலே சொல்லிவிட வேண்டும். புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படும் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 1863 ஆம் ஆண்டில் தமது 48 ஆவது வயதிலேயே மகள் பரிசளித்த கமரா மூலம் படம் பிடிக்கத் தொடங்கினார். 1875 இல் இலங்கைக்கு வந்த அவர், 1879 இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் அம்மையாருக்கு ஒரு வசதி இருந்தது. படம் சரிவராவிட்டால், எதிரே இருந்தவரை மறுபடியும் இருத்திப் பிடிக்கலாம். கல்யாண வீட்டில் அந்த வசதி இல்லை.

நமது சைவக் கல்யாணம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கன்னிகாதானம் முடிந்து, கூறைச்சேலையைப் பெற்றுக்கொண்டு மணமகள் உடை மாற்றச் செல்கின்றாள். அந்த இடைவெளியில் மண்டபமே சற்று ஓய்கின்றது. அனுபவமற்ற படப்பிடிப்பாளரும் ஓய்ந்து, குளிர்பானம் குடிக்கப் போய்விடுவார். கூறையுடன் அவள் திரும்பி வந்ததும் எல்லாம் விரைவாக நடக்கும். கெட்டிமேளம் முழங்குகின்றது; மணமகன் எழுகின்றான்; உறவினர்கள் அனைவரும் எழுந்து முன்னே வருகின்றனர்; அவர்களுட் பாதிப்பேர் தத்தம் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடிக்கின்றனர். தாலிக்கொடி கழுத்தில் ஏறும் அந்தச் சில விநாடிகளில் படப்பிடிப்பாளர் எங்கே நிற்கின்றார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது நின்றுவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கமரா இருந்தும் பயனில்லை. குருக்களிடம் மறுபடியும் கட்டச் சொல்ல முடியாது.

வெளிச்சமும் இலகுவான காரியமன்று. மண்டபத்தின் மஞ்சள் விளக்கு, மணவறை அலங்காரத்தின் நீலமும் ஊதாவுமான மின்விளக்குகள், யன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம், வீடியோக்காரரின் கண் கூசும் விளக்கு ஆகிய யாவும் ஒரே இடத்தில் விழுகின்றன. இவற்றுக்கிடையே ஓமப் புகை எழுகின்றது. பிளாஷை நேராக அடித்தால் புகை வெள்ளைத் திரையாகப் படத்தில் விழும். நகைகள் மின்னித் தெறிக்கும். முகத்தின் வியர்வை எண்ணெய் போலத் தோன்றும். கூரை தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருந்தால் பிளாஷை மேல்நோக்கித் திருப்பி, அங்கிருந்து தெறித்து வரும் ஒளியில் படம் பிடிக்கலாம். கூரை உயரமாகவோ கறுத்த நிறமாகவோ இருந்தால் அதுவும் பலிக்காது. சிவந்த கூறையின் சரிகை தெரிய வேண்டும்; அதே படத்தில் மணமகனின் வெள்ளை வேட்டி வெளிறிப் போகாமலும் இருக்க வேண்டும். கமராவை 'ஓட்டோ' நிலையில் விட்டுவிட்டு இதனைச் சாதிக்க முடியாது.

தேவாலயத் திருமணத்திற்கு வேறு ஒழுங்கு உண்டு. வழிபாட்டின்போது பிளாஷ் பாவிப்பதையோ பீடத்தை நெருங்குவதையோ விரும்பாத குருமார் பலர். முன்னரே சென்று அனுமதி கேட்டு, எங்கு நிற்கலாம் என்பதை அறிந்துகொள்வதே முறை. முஸ்லிம் திருமணங்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் படப்பிடிப்பாளர் செல்வதைப் பல குடும்பங்கள் அனுமதிப்பதில்லை. அங்கு பெண் படப்பிடிப்பாளர்களுக்கு இடம் உண்டு. சைவ, கிறிஸ்தவ வீடுகளிலும் மணமகள் அலங்கரிக்கும் அறைக்குள் ஒரு பெண் படப்பிடிப்பாளர் இருப்பதையே பெண் வீட்டார் விரும்புவர். இத்துறையை ஆண்களின் துறையாகவே எண்ணிப் பழகிவிட்ட நமது சமூகத்தில், மேலதிக வருமானம் தேடும் பெண்கள் கவனிக்க வேண்டிய விடயம் இது.

இனி வருமானக் கணக்கிற்கு வருவோம். இளைஞர்கள் என்னிடம் சொல்லும் கணக்கு மிகவும் சுருக்கமானது: "ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு, மாதம் இரண்டு கல்யாணம், ஆகவே மாதம் இவ்வளவு." ஒரு கற்பனைக் கணக்கை நாம் சற்று விரிவாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கல்யாணத்திற்கு 75,000 ரூபா பேசுவதாக வைத்துக்கொள்வோம். அதில் அல்பம் அச்சிட 30,000 ரூபா, உதவியாளருக்கு 8,000 ரூபா, போக்குவரத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 4,000 ரூபா போனால் மிகுதி 33,000 ரூபா. கமரா, லென்ஸ், பிளாஷ் யாவற்றுக்கும் 6 இலட்சம் ரூபா செலவழித்திருப்பதாகக் கொள்வோம். கமராவின் ஷட்டர் 150,000 தடவைகள் இயங்கும் என்றும், ஒரு கல்யாணத்தில் 3,000 படங்கள் பிடிப்பதாகவும் கணக்கிட்டால், அது 50 கல்யாணங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். அதாவது ஒவ்வொரு கல்யாணத்திற்கும் கருவித் தேய்மானமாக 12,000 ரூபா ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது 21,000 ரூபா. கல்யாண நாளில் 12 மணித்தியாலம், படங்களைத் தெரிந்து திருத்த 30 மணித்தியாலம், அல்பம் வடிவமைக்கவும் வீட்டாரைச் சந்திக்கவும் 8 மணித்தியாலம் என்று பார்த்தால் மொத்தம் 50 மணித்தியாலம். ஆகவே ஒரு மணித்தியாலத்திற்குக் கிடைப்பது 420 ரூபா. எட்டு மணித்தியால வேலைக்கு 3,360 ரூபா. தமது ஊரில் ஒரு மேசனுக்குக் கொடுக்கும் நாட்கூலியோடு வாசகர்கள் இதனை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஊருக்கு ஊர் தொகைகள் மாறலாம். கணக்கின் முறை மாறாது. அதுமட்டுமன்றி, இது ஆண்டு முழுவதும் வரும் வருமானமுமல்ல. ஆடி, மார்கழி போன்ற மாதங்களில் சைவக் கல்யாணங்கள் நடப்பது அரிது. ஆவணி பிறந்ததும், புலம்பெயர் நாடுகளின் கோடை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து வர, யாழ்ப்பாணத்தில் ஒரே முகூர்த்தத்தில் பல மண்டபங்களில் மேளம் கேட்கும். வரும் மாதங்களில் வருவதைச் சேமித்து, வராத மாதங்களைக் கடக்கத் தெரிய வேண்டும். இந்நிலையில் மாதத் தவணைக் கடனில் கமரா வாங்குவது பேராபத்து. முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் தவணைக்காரர் வாசலுக்கு வருவார். நுண்கடனால் வடக்கிலும் கிழக்கிலும் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறியாதவர்களல்லர். முதலில் பாவித்த கமரா ஒன்றையும், 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றையும் கைக்காசில் வாங்கலாம். அந்த லென்ஸ் மலிவானது. குறைந்த வெளிச்சத்திலும் நன்கு இயங்குவது. மற்றவற்றைத் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம்.

அப்படியாயின் எங்கே தொடங்குவது? நான் சொல்லும் விடை இளைஞர்கள் பலருக்குப் பிடிப்பதில்லை. முதலாவது கல்யாணத்திலே முதன்மைப் படப்பிடிப்பாளராகப் போகாதீர்கள் என்பதே அவ்விடை. ஒரே முகூர்த்தத்தில் பல கல்யாணங்கள் விழும் நாட்களில் ஸ்ரூடியோக்காரர்களுக்கு ஆள் போதாது. அந்த நாட்களில் அனுபவசாலி ஒருவருக்கு இரண்டாவது கமராவாகச் செல்லுங்கள். குறைந்தது பத்துக் கல்யாணங்களுக்காவது அவ்வாறு செல்ல வேண்டும். தாலி கட்டும் கணத்தின் பொறுப்பு அவருடையது. மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து கண் துடைக்கும் பெரியம்மாவைப் பிடிக்கும் சுதந்திரம் உங்களுடையது. சடங்குகளின் ஒழுங்கு, குருக்களோடு பேசும் விதம், கூட்டத்தை நோகாமல் விலக்கும் விதம் என்பவற்றையெல்லாம் அங்குதான் கற்கலாம். இணையத்தில் உள்ள பாடங்கள் கருவியைக் கற்பிக்கும். நம் வீட்டுச் சித்தப்பாமாரை எப்படிச் சமாளிப்பது என்று அவை கற்பிக்கமாட்டா.

மூத்த படப்பிடிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களோடு வரும் இளைஞருக்குச் சாப்பாடும் "அனுபவமும்" மாத்திரம் கொடுத்து அனுப்பாதீர்கள். நியாயமான கூலி கொடுங்கள். உழைப்பைச் சும்மா பெற்றுக்கொண்டால், அவர் மூன்றாவது கல்யாணத்தின் பின் உங்களை விட்டு விலகி, உங்கள் கட்டணத்தின் அரைவாசிக்குத் தனியே வேலை செய்யத் தொடங்குவார். பிறகு அவரைக் குறை கூறுவதில் பயனில்லை.

உறவு முறையில் வரும் வேலை மற்றொரு பொறி. "தம்பி, எங்கட வீட்டுக் கலியாணம்தானே, கமராவையும் கொண்டு வாவன்" என்று மாமி ஒருவர் அன்போடு கேட்பார். கட்டணம் பேசக் கூச்சமாக இருக்கும். எத்தனை படம், எப்போது கொடுப்பது, அல்பம் உண்டா என எதுவும் பேசப்படாது. ஆறு மாதம் கழித்து இரு வீடுகளுக்கும் இடையே கதை இல்லாமற் போகும். உறவினரோ அந்நியரோ, ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. முற்பணம் எவ்வளவு, படங்கள் எந்தத் திகதிக்குள், கல்யாணம் பிற்போடப்பட்டால் என்ன செய்வது, படங்களை முகநூலில் இடலாமா என்ற நான்கு கேள்விகளுக்காவது அதில் விடை இருக்க வேண்டும். புகைப்படங்களும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுபவையே. ஆனால் சட்டம் ஒருபுறம் இருக்க, மணப்பெண்ணின் படத்தைத் தமது விளம்பரத்திற்காக அவளைக் கேளாமல் உலகுக்குக் காட்டுவது முறையன்று. "வேண்டாம்" என்று சொல்லும் குடும்பத்தின் விருப்பத்தை மதிப்பவருக்கே அடுத்த வீட்டிலிருந்தும் அழைப்பு வரும்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. சம்பளம் பெறுவோர் இந்த மேலதிக வருமானத்தையும் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டொன்றுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்திற்கு வரி விலக்கு அளிக்கப்பட்டது. சம்பளமே அந்த எல்லையை அண்மித்திருந்தால், கமராவின் வருமானம் அதனைத் தாண்டச் செய்யும். வரவு செலவை முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. அரச ஊழியர்கள், வெளியே தொழில் செய்வது பற்றித் தமது திணைக்களத்தின் விதிகள் யாவை என்பதையும் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பாக நான் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நமது சமூகத்தில் கல்யாணப் படத்திற்கு உள்ள பெறுமதி வேறு சமூகங்களில் உள்ளதைப் போன்றதன்று. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறிய இரவில் வீடுகளில் விடப்பட்டவை எத்தனை அல்பங்கள்! 2009 இல் வன்னியில் இடம்பெயர்ந்து, மறுபடியும் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை சென்றவர்கள் உடுதுணியையே கைவிட்டு ஓட நேர்ந்தது. படங்கள் எங்ஙனம் மிஞ்சும்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அத்தாய்மார் ஏந்தி நின்ற படங்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். சில படங்கள் தனிப்படங்களாக எடுக்கப்பட்டவையல்ல. ஓரத்தில் இன்னொருவரின் தோள் தெரியும்; பின்னால் பந்தலின் ஒரு துண்டு தெரியும். ஏதோ ஒரு விசேஷ வீட்டில் எடுத்த கூட்டுப்படத்திலிருந்து ஒரு முகத்தை மாத்திரம் வெட்டிப் பெருப்பித்திருப்பார்கள். அக்குடும்பத்திடம் அந்த மகனின் முகமாக எஞ்சியிருப்பது அது ஒன்றே. அப்படத்தைப் பிடித்தவர், அன்று கூலிக்கு வந்த ஏதோ ஒரு படப்பிடிப்பாளர். முகம் தெளிவாக விழ வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்ட சிறு கவனமே பிற்காலத்தில் ஒரு தாயின் கையில் இருந்தது.

1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிகளைக் கொண்டுவரத் தடை இருந்தது. ஒரு பிலிம் றோலில் இருந்தவை 36 படங்கள். அவற்றுக்குள் ஒரு கல்யாணத்தையே அடக்க வேண்டியிருந்ததால், எந்த முகம் தவறக்கூடாது என்பதைப் படப்பிடிப்பாளர்கள் முன்னரே கேட்டு அறிந்திருந்தனர். இன்று 3,000 படங்கள் பிடிக்கின்றோம். மணமக்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் படங்கள் இருநூறு இருக்கும்; அப்பாச்சியின் படம் ஒன்றும் இராது. புதியவர்களுக்கு நான் தரும் ஆலோசனை இதுதான்: கல்யாணத்திற்கு முதல் நாள் அந்த வீட்டுக்குச் சென்று, "எழுபது வயதைத் தாண்டியவர்கள் யார் யார் வருகின்றார்கள்? வெளிநாட்டிலிருந்து பல வருடங்களின் பின் வருவோர் யார்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறுகரிசி இட்டு ஆசீர்வதிக்க அவர்கள் மணவறைக்கு வரும்போது ஒவ்வொருவரின் முகத்தையும் தெளிவாக ஒரு படம் பிடியுங்கள். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை; அந்தப் பட்டியல் போதும்.

பிடித்தவற்றைப் பேணுவதும் வேலையின் பகுதியே. இரண்டு மெமரி காட்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் கமராவாயின் மிக நன்று. அது இல்லையெனில், காட்டை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே காட்டில் முழுக் கல்யாணத்தையும் வைக்காதீர்கள். வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மடிக்கணினியிலும் வெளி வன்தட்டு ஒன்றிலும் பிரதி எடுத்துவிட்டே தூங்குங்கள். மூன்றாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். மூன்று பிரதிகளும் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே காட்டை அழிக்கலாம். வீட்டாரிடம் படங்களைக் கொடுக்கும்போது, முக்கியமான சிலவற்றையேனும் கடதாசியில் அச்சிட்டு வைக்கும்படி சொல்லுங்கள். தொலைபேசி தொலையும்; கணக்கின் கடவுச்சொல் மறக்கும்; வட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கித்தான் வரும்.

கல்யாணம் செய்யும் குடும்பங்களும் இதில் பங்காளிகளே. மணவறை அலங்காரத்திற்கு இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, படப்பிடிப்பாளரிடம் பத்தாயிரம் ரூபாவுக்குப் பேரம் பேசுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கின்றேன். அந்தப் பூக்கள் மறுநாள் காலை வாடிவிடும். புதியவர் ஒருவருக்கு வாய்ப்புக் கொடுப்பது நல்ல காரியம். பொன்னுருக்கலுக்கோ, நிச்சயதார்த்தத்திற்கோ, பிறந்த நாளுக்கோ அவரை அழையுங்கள். தாலி கட்டும் நாளில் அவரையே அழைப்பதானால், அவர் இதுவரை பிடித்த முழுக் கல்யாணம் ஒன்றின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தெடுத்த பத்துப் படங்களை வைத்து எவரையும் எடைபோட முடியாது.

மேலதிக வருமானம் தேடுவது குற்றமன்று; இன்றைய நிலையில் அது பலருக்குத் தவிர்க்க முடியாததும்கூட. ஆனால் ரியூசன் வகுப்பு ஒரு நாள் தவறினால் மறுநாள் வைக்கலாம். கேக் கருகினால் இன்னொன்று சுடலாம். கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது. இதனை உணர்ந்து, பத்துக் கல்யாணங்களுக்கு மற்றொருவரின் பின்னால் நிற்கும் பொறுமையும், கடன்படாமல் தொடங்கும் நிதானமும், முதியவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதிக்கொள்ளும் அக்கறையும் உள்ளவர்கள் தாராளமாக வரட்டும். இவை இல்லாதவர்கள், வருமானத்திற்கு வேறு வழி தேடுவதே அவர்களுக்கும் அந்த வீட்டாருக்கும் நன்மை.